பட்டியலில் இல்லாதது

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை விசாரிப்பதற்கு முன்னால் முதலில் ஒரு சபாஷ். நாற்பது வருடம் ஊதித் தள்ளிய சிகரெட்டை விட்டுப் பதினோரு நாளாகிறது என்று எழுதியிருந்தாய். இவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணனா? அப்ப தீப்பெட்டிக் கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். மனிதருக்குப் பொறாமை. அவரால் மூக்குப்பொடியை விட முடியவில்லை.

கை பரபரக்கிறது, தொண்டை வறண்டுபோகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதிமதுரக் குச்சி. எங்கள் மருந்துக்கடை மூலிகை அலமாரியில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தேன். பாய்லர் அறைச் சூட்டிலும் கரியிலும் கெட்டுப்போன தொண்டைக்கு இதமாக இருக்கும். சிகரெட் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெல்லு. தீர்ந்தால் எழுது, மாதாமாதம் அனுப்புகிறேன்.

பிரஷர் மாத்திரையும், காலையில் அரை நீர் மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறாய்தானே? போனில் கேட்கலாம் என்றால், நான் கத்துவது இந்தத் தெரு முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால் பதில் எழுது. "நலம்" என்று ஒரு வரி எழுதி உறையை ஒட்டிவிடாதே.

உன் அன்புத் தங்கை

பிப்ரவரி 3

அன்புத் தங்கை வாயாடிக்கு,

நான் சுகம். மாப்பிள்ளையின் மூக்கும் சுகமாக இருக்க வேண்டும்.

பார்சல் வந்தது. உறையைப் பிரித்ததுமே உன் கடை வாசனை. அண்ணி இருந்திருந்தால் "தங்கச்சிகிட்டருந்து வந்தா மரக்குச்சிகூட இனிக்குதோ" என்று கேட்டிருப்பாள். உண்மையிலேயே இனிக்கிறது. முன்பு நாளைக்கு இருபது சிகரெட். இப்போது இருபது தடவை உன் குச்சி. கீழே சலூன் வைத்திருப்பவர், "பெரியவரே, ஆடு மாதிரி எந்நேரமும் மென்னுக்கிட்டே இருக்கீங்க" என்கிறார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு என்னென்னமோ சொல்வார். அவர் வாயசைவைப் படிக்க எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு சின்ன விஷயம். பத்து நாளாகக் கால் கொஞ்சம் வீங்குகிறது. சாயங்காலம் செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டுமா? தண்ணீர் மட்டம் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவனுக்குத் தெரியாதா? அடி வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் மட்டம் தானாக இறங்கும்.

சலூன்காரரும் ஒரு நெருஞ்சில் பொடி கொடுத்திருக்கிறார். அவருடைய மாமனாருக்கு நீர் பிரிந்து கால் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டதாம். சுத்த மூலிகை, பக்கவிளைவு கிடையாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. காலை, மாலை ஒரு கரண்டி.

உடம்பைப் பார்த்துக்கொள். கவுண்டரில் நின்றுகொண்டே இருக்காதே, இடையிடையே உட்கார்.

அண்ணன்

பிப்ரவரி 11

அண்ணா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் திட்டிவிடுகிறேன்.

உன் கால் பாய்லர் இல்லை. தண்ணீரை மட்டும் திறந்துவிட உடம்பில் வால்வு கிடையாது. தண்ணீர் போகும்போது உப்புகளையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அதில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது, அது குறைந்தால் சதை வலுவிழக்கும், இதயத் துடிப்பே தப்பும். அதனால்தான் டாக்டர் அரை மாத்திரை என்று எழுதினார். முழு மாத்திரை கண்ணில் படவில்லை என்பதற்காக அவர் அரை எழுதவில்லை.

அடுத்து அந்தப் பொடி. இருபத்தேழு வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன். "மூலிகைதானே, என்ன செஞ்சிடப் போகுது" என்று கேட்காத ஆள் இல்லை. ஒன்றுமே செய்யாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இருக்காது. நெருஞ்சிலுக்கு நீர் பிரியலாம், பிரியாமலும் போகலாம். ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் குறைவு. அந்த டப்பாவில் நெருஞ்சில்தான் இருக்கிறதா, கூட வேறு என்ன கலந்திருக்கிறது என்று சலூன்காரருடைய மாமனாரா வந்து சொல்லப்போகிறார்? மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று தெரியும், என்ன கெடுதல் வரும் என்றும் தெரியும், ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்க்கவும் முடியும். பொடியில் எதைப் பார்ப்பது? மாத்திரையோடு சேர்த்து அதையும் தின்றால் எது எதை என்ன செய்கிறது என்று யாருக்குமே தெரியாது. நிறுத்து. இன்றே நிறுத்து.

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உன் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. எதையும் விடாதே. டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு. ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்க்கச் சொல்.

திட்டி முடித்தாயிற்று. இப்போது கேட்கிறேன், நன்றாகத் தூங்குகிறாயா? பசி எடுக்கிறதா? இத்துடன் இரண்டாவது பார்சலும் வைத்திருக்கிறேன். இந்த முறை குச்சி இன்னும் தடிமன்.

கோபக்காரத் தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் வந்த சூட்டில் தபால்காரர் கையை உதறிக்கொண்டே போனார்.

கேட்ட பட்டியல் இதோ. பிரஷர் மாத்திரை ஒன்று. நீர் மாத்திரை டாக்டர் சொன்னபடி. மூன்று வேளைச் சாப்பாடு, நாலு டீ, சர்க்கரை கம்மி. ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் வீட்டிலிருந்து ஏதாவது வரும். பல்பொடியையும் எழுதவா? அதை முழுங்குவதில்லை. நெருஞ்சில் பொடியை விட்டாயிற்று. அவ்வளவுதான் என் ஜீவனம்.

கால் பரவாயில்லை. கட்டிலைக் குளியலறைப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன், அங்கே காற்று நன்றாக வருகிறது. பார்சலுக்கு நன்றி. நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய முடிச்சை அவிழ்க்கவே எனக்கு அரை மணி நேரமாகிறது. இந்தத் தடவை கை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்ததால் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

மார்ச் 10

அண்ணா,

இங்கே நலம். உன் வீட்டுக் குளியலறையை நானும் பார்த்திருக்கிறேன். அதில் ஜன்னலே கிடையாது. காற்று எந்த வழியாக வருகிறது? ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறாய், அதைச் சொல். "டாக்டர் சொன்னபடி" என்றால் எவ்வளவு என்று எண்ணால் எழுது. காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்.

கை ஏன் தளர்ந்தது? ரத்தப் பரிசோதனை செய்தாயா இல்லையா? நாலே வரி எழுதினால் போதும்.

தங்கை

ஏப்ரல் 6

அன்பு அண்ணா,

நலமாயிரு. அது ஒன்றுதான் வேண்டும்.

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கீழே சலூனுக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். "நல்லா இருக்காருக்கா, இப்பதான் வெளிய போனார்" என்று மூன்று தடவையும் அதே பாட்டு. கால் வீங்கிய மனிதர் அப்படி எங்கேதான் போய்க்கொண்டே இருக்கிறார்? நேற்றுக் கவுண்டரில் ஒருவருக்கு மீதிச் சில்லறை கொடுக்காமலே அனுப்பியிருக்கிறேன். அவர் திரும்பி வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நான் திட்டியதில் கோபமா? திட்டவில்லை, போ. வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு.

தங்கை

ஏப்ரல் 13

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் கீழே சலூன் வைத்திருப்பவன். பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறார், மாடியில் தூங்குகிறார். இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மார்ச் 24 காலையில் என் கடை வாசற்படியில் விழுந்துவிட்டார். தடுக்கி விழவில்லை அக்கா, கால் அப்படியே மடங்கிவிட்டது. தூக்கி உட்காரவைத்தால் கையிலும் பிடிமானம் இல்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொட்டாசியம் பாதாளத்துக்குப் போய்விட்டது, இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார்கள். பதினேழு நாள் உள்ளே இருந்தார். முதல் மூன்று நாள் கையில் ஊசி, நெஞ்சில் ஒயர். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் சொன்னது பொய். "அவ கெளம்பி வந்துடுவா, சொல்லாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னியுங்கள்.

இன்னொன்றுக்கும் மன்னிக்க வேண்டும். வீக்கம் குறையவில்லை என்று நீர் மாத்திரையை நாளைக்கு இரண்டாக ஏற்றியிருக்கிறார். அதற்கு மேல் நான் கொடுத்த பொடி வேறு. நீங்கள் நிறுத்தச் சொன்னது எனக்குத் தெரியாது. டப்பா தீர்ந்துபோச்சு என்று கேட்டார், நானே போய் வாங்கிவந்தேன். மாமனாருக்கு ஒத்துக்கொண்டது, நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் என்னால் கத்தி பிடிக்க முடியவில்லை. என் பங்கு டப்பாவையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கீழ் வீட்டுத் தம்பி

ஏப்ரல் 20

அண்ணா,

உன் நலம் இனி நீ சொல்லி நான் நம்பப்போவதில்லை.

சலூன்காரர் கடிதத்தைக் கடை உள்ளறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். சத்தம் வெளியே போகாமல் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மறுபடி கவுண்டரில் நின்றேன். பதினேழு நாள்! நீ ஒயருக்கு நடுவில் கிடந்திருக்கிறாய், நான் இங்கே சில்லறை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ செத்துப்போயிருந்தால் அதையும் "சுகம்" என்றுதான் எழுதியிருப்பாய்.

அந்தப் பொடிக்காரரை நான் மன்னிப்பதாக இல்லை. அவர் எழுதியதைப் படித்து அழுதேன், அது வேறு. பட்டப்படிப்பு வேண்டாம், ஒரு டாக்டரைக் கேட்டுக் கொடுக்கலாம் என்ற புத்திகூடவா இல்லை? தெரியாத பொருளைப் பிரியம் என்ற பெயரில் அடுத்தவர் வாயில் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என்னோடு கவுண்டரில் நிற்கும் பெண் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். அவள் ஜூன் முதல் வாரம் திரும்பியதும் அடுத்த வண்டியில் நான் அங்கே. அதற்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரதி எடுத்து அனுப்பு. எல்லாப் பக்கமும்.

தங்கை

ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

நிஜமாகவே சுகம். நேற்றுத் துணையில்லாமல் மாடிப்படி ஏறினேன். வீக்கம் மொத்தமும் வற்றிவிட்டது, செருப்பு தொளதொளவென்று இருக்கிறது. நீர் மாத்திரை மறுபடி அரை. எண்ணால் எழுதச் சொன்னாயே, ½.

தப்பு என்னுடையது. மாத்திரையை ஏற்றினேன். பொடியை விட்டேன் என்று உன்னிடம் புளுகினேன். சலூன்காரரைத் திட்டாதே. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கிய மனுஷன்.

டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் பக்கம் இத்துடன் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் டீ கொட்டிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக எதுவும் இல்லை, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதிதான்.

அப்புறம், இனிமேல் குச்சி அனுப்ப வேண்டாம். தொண்டை தெளிந்துவிட்டது. சிகரெட் நினைப்பே இல்லை. உனக்கு எதற்கு வீண் சிரமம்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 4

அன்பு அண்ணா,

நலமா?

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் ஒரு அம்மா வந்தார். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை வாங்கினார். பையில் வைத்துக்கொண்டே, "இருமலுக்கு அதிமதுரம் மெல்லலாமாம்மா?" என்று கேட்டார். நான் தலை நிமிராமல் சொன்னேன்: "கூடவே கூடாதும்மா. அத நெறைய மென்னா ஒடம்புல தண்ணி தேங்கும், கால் வீங்கும், பிரஷர் ஏறும். பொட்டாசியத்த வெளிய தள்ளிடும். நீர் மாத்திரையும் அதையேதான் செய்யும். ரெண்டும் சேர்ந்தா ஆபத்து."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. தெரியும். இருபத்தேழு வருடமாகத் தெரியும். யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன். உனக்குப் பார்சல் கட்டும்போது மட்டும் அது மருந்தாகத் தோன்றவில்லை, என் பாசமாகத் தோன்றியது. நாளைக்கு இருபது தடவை மெல்கிறேன் என்று நீ எழுதினாய், அடுத்த வரியிலேயே கால் வீங்குகிறது என்று எழுதினாய். இரண்டையும் படித்துவிட்டு, இன்னும் தடிமனான குச்சியாகத் தேடி அனுப்பியவள் நான். வீக்கம் என்னால் வந்தது. அதை வற்றவைக்கத்தான் நீ மாத்திரையை ஏற்றினாய், பொடியைத் தின்றாய். சலூன்காரரை என்ன பேச்சு பேசினேன்!

இரண்டாவது பக்கத்தில் டீ கொட்டவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் நான் கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை நீ.

முதலாளியிடம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்த அண்ணனைச் சாவுவரை கொண்டுபோன கை. இனி அதை நம்பி யாருக்கு நான் மாத்திரை எடுத்துக் கொடுப்பது? ஒருவாரம் யோசித்துப் பார் என்று அந்தத் தாளை மேஜை அறைக்குள் போட்டுவைத்திருக்கிறார்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை.

தங்கை

மே 9

என் செல்லத் தங்கைக்கு,

நான் சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன், முதலில் அழுகையை நிறுத்து.

ஆமாம், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நாலாவது நாள், தலையணைக்கு அடியில் இருந்த குச்சியை டாக்டர் பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் தெரியவந்தது. "யார் குடுத்தாங்க?" என்று தாளில் எழுதிக் காட்டினார். பேருந்து நிலையத்தில் கூடை வைத்து விற்கும் ஒரு ஆளிடம் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். "அந்தாளப் புடிச்சு உள்ள தள்ளணும்" என்றார். வாயைப் படித்தேன். நானும் பலமாகத் தலையாட்டினேன். இப்போது இரண்டாவது பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். கூடைக்காரர் அதில் இருக்கிறார். பாவம், இல்லாத மனிதர்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், நீ இப்போது செய்திருப்பதைத்தான் செய்வாய் என்று தெரியும்.

ஆனால் நான் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கும் மூன்று தாள் கிழிந்தது. பிப்ரவரியில் நீ பட்டியல் கேட்டாய். எதையும் விடாதே என்று எழுதியிருந்தாய். நான் குச்சியை மறந்து விடவில்லை. பல்பொடிக்கு முந்தின வரியில் எழுதினேன். "அதிமதுரம், நாளைக்கு இருபது." எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கண்ணில் பட்டால் நிறுத்தச் சொல்வாய் என்று மனசுக்குள் ஏதோ சொன்னது. குச்சி நின்றால் பார்சல் நின்றுவிடும். பார்சலோடுதான் உன் கடிதம் வருகிறது. போனில் பேசினால் எனக்குக் கேட்பதில்லை. அண்ணி போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுகிற குரல் அது ஒன்றுதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அந்த வரி இல்லாமல் வேறு தாளில் எழுதி அனுப்பினேன்.

முப்பத்தொரு வருடம் பாய்லர் பதிவேட்டில் மணிக்கு மணி எழுதியவன், ஒரு எண்ணைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. பொய்யான எண் எழுதினால் பாய்லர் வெடிக்கும், ஆள் சாவான். அப்படிப்பட்டவன் உன்னிடம் பொய்ப் பட்டியல் கொடுத்தேன். அந்த வரி இருந்திருந்தால் உனக்கு மார்ச்சிலேயே புரிந்திருக்கும். அதனால் பழி முழுவதையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே. என் பங்கை இறக்கி வை.

முதலாளி மேஜையில் இருக்கும் தாளைத் திரும்ப வாங்கு. அந்த அம்மாவுக்கு நீ சரியாகத்தானே சொன்னாய்? நீ இல்லாவிட்டால் அவருக்கு யார் சொல்வார்கள்?

அண்ணன்

மே 16

அன்பு அண்ணா,

நீ சுகம் என்று மூன்று தடவை எழுதியதை நம்புகிறேன். நானும் சுகம். இவர் உனக்கு வணக்கம் சொல்கிறார், தும்மலோடு.

மக்கு அண்ணா. கடிதம் வேண்டுமென்றால் கடிதம் வேண்டும் என்று கேட்கத் தெரியாதா உனக்கு? மாதம் ஒரு முடிச்சு கட்டி அனுப்பிவிட்டு, அண்ணனை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று திருப்தியாக இருந்திருக்கிறேன் பார்.

முதலாளி அந்தத் தாளை என் கண்ணெதிரிலேயே கிழித்தார். மறுபடி கவுண்டரில் நிற்கிறேன். முதல் நாள் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் மாத்திரை எடுத்தேன். உன் டாக்டருக்கும் எழுதிவிட்டேன். கூடைக்காரர் யாரும் இல்லை, கொடுத்தது நான்தான், இன்ன கடையில் மருந்து கொடுப்பவள், சீட்டில் திருத்திக்கொள்ளுங்கள் என்று. சலூன்காரருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டிருக்கிறேன். அவர் உன்னிடம் காட்டினால் நீ படிக்காதே, அதில் கொஞ்சம் அழுதிருக்கிறேன்.

ஜூன் 7 காலை வண்டியில் வருகிறேன். அதுவரைக்கும் எத்தனை நாள் என்று நீ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இது திங்கட்கிழமைக் கடிதம். வியாழக்கிழமை ஒன்று எழுதுவேன், அடுத்த திங்கள் இன்னொன்று. எதுவும் தின்னக் கொடுக்க மாட்டேன். வெறும் கடிதம்.

உன் வாயாடி